ஜெனிட்டாவின் டி டிரைவ்

கடியப்பட்டணத்தில் பிறந்தும் ஆன்ஸ்லினுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாவோடு மீன்பிடிக்க வள்ளத்தில் போனபோதெல்லாம் குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்தான். பிறகு நாகர்கோவிலில் போட்டோஷாப் படித்தான். ஸ்டூடியோக்காரர்கள் தரும் கல்யாணப் படங்களை வீட்டிலிருந்தே ஆல்பமாக்கிக் கொடுத்தான்.

அவன் மனைவி ஜெனிட்டா குவைத்தில் நர்ஸ். கல்யாணமான இரண்டாம் வருடம் போனவள், அதன் பிறகு லீவில்தான் வந்து போகிறாள். குழந்தை, சொந்த வீடு என்ற பேச்சையெல்லாம் அவள் ஒரேயடியாகத் திரும்பிய பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்திருந்தார்கள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அவனுடைய கம்ப்யூட்டரில் சி டிரைவ் நிறைந்து, இட அளவைக் காட்டும் நீலக் கோடு சிவப்பானது. போட்டோஷாப் இடமில்லை என்று சொல்லிப் பாதியில் நின்றது. மணவாளக்குறிச்சி மாப்பிள்ளை ஒருவர் விமானம் ஏறுவதற்குள் ஆல்பம் வேண்டும் என்று சொல்லியிருந்தார். பெண் இங்கேயே இருக்கப் போகிறாள், அதனால் அவர் ஆல்பத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டுமாம்.

ஆன்ஸ்லின் வேண்டாத ஃபைல்களை அழித்துப் பார்த்தான், போதவில்லை. கல்யாணப் படங்கள் இருந்த இ டிரைவைச் சுருக்கிக் கொஞ்சம் இடம் ஒதுக்கினான். அப்போதும் சி டிரைவைப் பெரிதாக்கும் மெனு வரி மங்கியே கிடந்தது, அமுக்கினால் அசையவில்லை. யூடியூபில் தேடிய பிறகுதான் காரணம் புரிந்தது. காலியிடம் சி-யை ஒட்டி அடுத்ததாக இருக்க வேண்டும். நடுவில் டி டிரைவ் இருந்தது. டிரைவ்களை நகர்த்தித் தரும் மென்பொருளும் உண்டு, ஆனால் நடுவழியில் கரண்ட் போனால் எல்லாமே போய்விடும் என்றார்கள். அந்த மழையில் கரண்டை நம்ப முடியாது. டி-யை அழிப்பது ஒன்றே வழி.

டி டிரைவ் ஜெனிட்டாவுடையது. கல்யாணமான புதிதில் அவள் குவைத் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவன் விண்டோஸை மாற்றிப் போட்டபோது டெஸ்க்டாப்பில் அவள் சேர்த்து வைத்திருந்த பாடமெல்லாம் அழிந்து போயிற்று. அவள் சண்டை போடவில்லை, இரண்டு நாள் பேசாமலிருந்தாள். மூன்றாம் நாள் அவன் ஹார்ட் டிஸ்கில் தனியாக ஒரு பகுதி பிரித்து, அதற்கு அவள் பெயரையே வைத்து, இனி விண்டோஸை எத்தனை தடவை போட்டாலும் உன்னுடையது போகாது என்று சொல்லிக் காட்டினான். அவள் போன பிறகு அதை அவன் திறந்ததேயில்லை. கம்ப்யூட்டரைத் திறந்ததும் அந்தப் பெயர் கண்ணில் படும், அதுவே போதுமாயிருந்தது.

மத்தியானம் அவளுக்கு இடைவேளை நேரம் பார்த்துக் கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னான். வேண்டாம், இருக்கட்டும் என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தான்.

"பரீட்ச பாஸாயி எத்தன வருசமாச்சு. அந்தச் சவத்த அழிச்சிப்போடுங்க," என்றாள் ஜெனிட்டா. வார்டில் ஆள் குறைவு, ஓட வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கோபத்தோடேயே போய் உட்கார்ந்தான். ஆனாலும் கை அப்படியே அழிக்க வரவில்லை. எதையும் திறந்து பார்க்காமல், இருந்ததை முழுவதும் வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்றினான். பிறகு டி-யை அழித்தான். உறுதிதானா என்று திரை கேட்டது. ஆம் என்றான். அவள் பெயர் இருந்த கட்டம் கறுப்புக் கோட்டோடு வெறுமையாகக் கிடந்தது. சி-யைப் பெரிதாக்கியதும் அதுவும் மறைந்து, சிவப்பு நீலமானது.

ஆல்பத்தில் பாதி முடிந்திருக்கும்போது போன் அடித்தது. ஜெனிட்டாதான். மூச்சு வாங்கியது.

"அழிச்சிட்டியளா?"

"அழிச்சாச்சு."

அவளுக்குப் பின்னால் யாரோ அரபியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டுத்தான் அழிச்சேன் மக்கா. ஒண்ணும் போவல்ல," என்றான்.

அவள் மெதுவாக மூச்சு விட்டாள். அதில் அடுக்களைப் படங்கள் இருக்கின்றன என்றாள். படிக்க அலுப்பு வரும்போதெல்லாம் நெட்டில் பார்த்துச் சேர்த்தவையாம். இப்போது அவள் தங்குமிடத்தில் ஏழு பேருக்கு ஒரே அடுப்பு. முறை வருவதற்குள் பசி போய்விடும் என்று சிரித்தாள். தொட்டிக்கு மேலே ஜன்னல் வைத்த படம் ஒன்று உண்டு, அதை மட்டும் அனுப்பச் சொன்னாள்.

தேடி அனுப்பினான். வெள்ளைச் சுவர், பாத்திரம் கழுவும் தொட்டி, மேலே அகலமாக ஒரு ஜன்னல். எந்த ஊர் வீடோ. அவள் பார்த்துவிட்டதாகக் காட்டியது. ஆன்ஸ்லின் ஆல்பத்துக்குத் திரும்பினான். கோயில் வாசலில் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கும் படத்தை ஒரு முழுப் பக்கத்துக்கு விரித்துப் போட்டான்.

சாயங்காலம் குரல் செய்தி ஒன்று வந்தது. "ஜன்னல தெக்க, கடலப் பாத்து வைக்காண்டாம், கேட்டியளா. உப்புக்காத்து கம்பிய தின்னுரும். வடக்க போதும்."

வீடு கட்ட அவர்கள் இன்னும் இடம்கூட வாங்கியிருக்கவில்லை. வடக்கேயே வைக்கலாம் என்று அவன் பதில் அனுப்பினான்.