மூன்றாம் ஷெட்டுக்குப் போட்ட அம்பு

கிராஃப் போடுகிறவனுக்குப் பாதி நாள் கோட்டை வரைவதில் போகும்; மீதி நாள், அந்தக் கோட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஓர் அம்பு வைப்பதில் போகும். புரோகிராம் எழுதிப் படம் போடும் உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் தினசரி முட்டை எண்ணிக்கையைப் பதிவு செய்து வந்தவன் நான். மனைவி இறந்துபோன பிறகு, பழைய கம்ப்யூட்டரில் தட்டித் தடவிக் கோடிங் கற்றுக்கொண்டேன். தப்புச் செய்தால் உடனே சொல்ல வீட்டில் மறுபடி யாரோ இருப்பதுபோல் இருந்தது.

தலையும் வாலும்

அம்புக்கு இரண்டு இடம் சொல்ல வேண்டும்: நுனி எங்கே, எழுத்து எங்கே. முதல் படத்தில் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். "தீவனம் மாற்றிய நாள்" என்ற வாசகம் கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அம்பு காலியான மூலையைக் குத்தி நின்றது. பண்ணை முதலாளி சென்னியப்பன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, அந்த மூலைல கோழியே இல்லீங்களே, அங்க என்னத்தக் காட்டறீங்க?"

ஏழு அம்பு

கைக்கு வந்துவிட்டால் நிறுத்தத் தெரியாது அல்லவா? அடுத்த படத்தில் தடுப்பூசிக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று ஏழு அம்புகள் வைத்தேன். அவற்றுக்குள் கோடு எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. சென்னியப்பன் சிரித்துவிட்டார்.

"மண்டபத்துக்கு வழி காட்டற மாதிரி இருக்குதுங்ணா. பொண்ணு மாப்பிள்ளை பேரு மட்டுந்தான் போடல."

அதன் பிறகு ஒரு படத்துக்கு ஒரே அம்பு என்று வைத்துக்கொண்டேன்.

நகராத அம்பு

மூன்றாம் ஷெட்டில் முட்டை குறைந்தது. முப்பது நாள் எண்ணிக்கையைப் படமாக்கி, சரிவு தொடங்கிய பதினைந்தாம் நாளில் "குறைய ஆரம்பித்தது இங்கே" என்று அம்பு வைத்தேன். முதலாளி அப்போது வெளியூரில் இருந்தார். பத்து நாள் கழித்து வந்ததும், "இந்தப் பத்து நாளையும் சேத்துப் போடுங்க" என்றார். சேர்த்து, அதே புரோகிராமை ஓட்டிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மாரியப்பன் வீட்டுக்கு வந்தார். அந்த ஷெட்டின் புது சூப்பர்வைசர். இருபதாம் நாளில்தான் பொறுப்பேற்றவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அம்பு அவர் வந்த நாளைக் காட்டுகிறதாம். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்ணா. நான் வந்த அன்னிக்குத்தான் கொறஞ்சுதுன்னு கோடு சொல்லுதுங்களா, அம்பு சொல்லுதுங்களா?"

கோடு சொன்னது

எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. படத்தை மறுபடி திறந்தேன். அம்பின் நுனியைத் தேதியோடு கட்டாமல், 'தாளின் நடுவில்' என்று சொல்லி வைத்திருக்கிறேன். முப்பது நாளுக்கு நடு பதினைந்து. நாற்பதுக்கு நடு இருபது. பத்து நாள் சேர்ந்ததும் கோடு இடப்பக்கம் நெருங்கிக்கொண்டது. அம்பு இருந்த இடத்திலேயே நின்றது. சரிவு நீளமாக இருந்ததால், நின்ற இடமும் பொருத்தமாகவே தெரிந்தது. கோடு தப்பாகவே சொல்லவில்லை. யாரும் அதைக் கேட்கவில்லை, நான் உட்பட.

அடுத்த பஸ்ஸில் இருவரும் பண்ணைக்குப் போனோம். தப்பு என்னுடையது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஷெட் பதிவேட்டைப் புரட்டினேன். பதினைந்தாம் நாள் பக்கத்தில், தண்ணீர் தெளிக்கும் மோட்டார் நின்றுபோனதாக என் கையெழுத்திலேயே இருந்தது. கோழிகள் வெயிலில் வாடியிருக்கின்றன. சென்னியப்பன் தாளை மடித்து வைத்தார். பிறகு மாரியப்பன் பக்கம் திரும்பினார்.

"திங்கக்கெழம வந்துருங்க மாரியப்பா. அண்ணன் அம்பு உட்டாரு, நான் ஆள உட்டுட்டேன்."

ஸ்கேல்

இப்போது அம்பைத் தேதியோடுதான் கட்டுகிறேன். எத்தனை நாள் சேர்த்தாலும் கூடவே நகர்கிறது. ஆனாலும் ஒவ்வொரு படம் வந்ததும் மாரியப்பன் சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்கேலை எடுத்து, அம்பு நுனியிலிருந்து கீழே தேதி வரை வைத்துப் பார்க்கிறார்.

"கோவிச்சுக்காதீங்ணா, அம்பு சரியாத்தான் இருக்கும். நான் ஒருக்கா வெச்சுப் பாத்துக்கறேனுங்."

அம்பு போட புரோகிராமில் ஒரே ஒரு வரி போதும், நண்பர்களே. அது எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான், அந்த அம்பாலேயே ஒருமுறை வேலை போய்த் திரும்ப வந்தவர் ஒருவர் பக்கத்தில் தேவைப்படுகிறார்.