விழுந்த விமானத்தின் தகடும் ஒரு குத்தகை வழக்கும்

தஞ்சாவூர் விமானத் தளத்தில் விமானங்களின் உடற்பகுதியைச் சோதிக்கும் ஏர்ஃப்ரேம் இன்ஸ்பெக்டராக இருந்தபோது, இரண்டாம் உலகப்போர்க் கால விமானங்களின் டேட்டா பிளேட்டைச் சரிபார்ப்பதும் என் வேலையாக இருந்தது. விமானத்தைத் தயாரித்த கம்பெனி அதன் உடம்பில் ரிவெட் அடித்துப் பொருத்தும் சிறு அலுமினியத் தகடு அது. மாடலும் சீரியல் நம்பரும் அதில் இருக்கும். பழைய விமானம் காட்சிக்குப் போனாலும் ஏலத்துக்குப் போனாலும், தகடு அசல்தான் என்று நான் கையெழுத்துப் போடவேண்டும்.

குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருந்த சமயம். ஊருக்கு ஊர் தகராறு. ஒருநாள் தாசில்தாரின் கடிதத்தோடு அப்படி ஒரு தகடு என் மேஜைக்கு வந்தது. கூடவே இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மாரிமுத்து, குத்தகைதாரராகத் தன் பெயரைப் பதியச் சொல்லி மனுப் போட்ட விவசாயி. மற்றவர் நிலச்சொந்தக்காரரின் காரியஸ்தர்.

“சண்டைக் காலத்துல எங்க வயல்ல ஏரோப்ளேன் விழுந்துச்சுங்கய்யா. அன்னைக்கு அங்க உழுதுக்கிட்டு இருந்தது நான்தான். சேத்துலேருந்து எடுத்தேன் இத. அப்பலேருந்து என் சாகுபடிதான். வேற காயிதம் கிடையாதுங்க” என்றார் மாரிமுத்து.

காரியஸ்தர் சிரித்தார். “இவரு குத்தகைதாரரே இல்ல சார், அஞ்சு வருஷமா கூலிக்கு வர்ற ஆளு. கும்பகோணத்துல எவனாவது பாத்திரக்காரன்கிட்ட சொல்லி இந்தத் தகட்ட அடிச்சிருப்பாரு.”

லென்ஸை வைத்துப் பார்த்தேன். எண்கள் கையால் பஞ்ச் அடித்தவை. இடைவெளி ஒரே சீராக இல்லை, பின்பக்கம் புடைப்பு தெரிந்தது; அந்தக் காலத்தில் கம்பெனியில் அப்படித்தான் அடிப்பார்கள். கம்பெனி இன்ஸ்பெக்டரின் முத்திரையும் சரியாக இருந்தது. நான்கு ரிவெட் துளைகளில் ஒன்று மூலையோடு கிழிந்திருந்தது. சந்தேகமே இல்லை, அசல் தகடு.

“மடையில அந்த ஏரோப்ளேன் தகரம் இன்னும் கெடக்குங்க. ஒருதடவ வந்து பாத்துட்டு எழுதுங்கய்யா” என்றார் மாரிமுத்து.

“எங்கிட்ட கேட்டது தகட்டப் பத்தி மட்டுந்தாங்க” என்று சொல்லிவிட்டேன்.

அசல் என்று எழுதினேன். அதோடு நிறுத்தவில்லை. இத்தகைய தகடுகள் போருக்குப் பின் ஏலம் விட்ட விமான உடைசல்களோடு வெளியே போனதும் உண்டு, இது எங்கிருந்து வந்தது என்று கூற இயலாது என்றும் எழுதினேன். எழுதியதில் பொய் இல்லை. ஆனால் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் தாசில்தார் ஆபீசில் மாரிமுத்துவின் மனுவைத் தள்ளினார்கள்.

தகட்டைத் திரும்பக் கொடுத்தபோது அவர் அதைத் துண்டில் முடிந்துகொண்டு போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். மடையை அடைக்க வைத்திருந்த அலுமினியத் தகரத்தை வாய்க்காலிலிருந்து தூக்கிக் கழுவினோம். ஓரத்தில் நான்கு துளைகள். ஒன்றில் ரிவெட் ஒடியாமல் அப்படியே இருந்தது. தகட்டை அதன்மேல் வைத்தேன். கிழிந்த மூலை அந்த ரிவெட்டில் போய் உட்கார்ந்தது.

மாரிமுத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். “இத நீங்க அன்னைக்கே வந்து பாத்திருக்கலாமேய்யா.”

தகடு அந்தத் தகரத்தில் பொருந்துவதைச் சொல்லி இரண்டாவது கடிதம் எழுதினேன். காலம் கடந்துவிட்டது என்று மேல்முறையீட்டில் அதை ஏற்கவில்லை. அறுப்புக்குப் பிறகு வயல் வேறொருவர் கைக்குப் போனது. மாரிமுத்து அதே ஊரில் கூலிக்கு நடவு வயல் உழுதார்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை, பொருத்தியிருந்த இடத்தை நேரில் பார்க்காமல் எந்தத் தகட்டுக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: உங்களிடம் கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதிவிட்டும் ஒரு மனுஷனைக் கைவிட முடியும்.