அப்பாவின் காலும் என் கண்ணும்

என் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. ஐம்பதைத் தாண்டிய இந்த வயதிலும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோத்துவிடுவேன். அப்படிப்பட்ட கண்ணைக் காட்டத்தான் எட்டு வயதில் என்னை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள் என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் நம்புகிறவர்கள் உண்டு.

கோளாறு என் கண்ணில் இல்லை, அப்பாவின் காலில். எழுமலைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. அந்த வருஷம் கடலை நன்றாகப் பிடித்திருந்தது. நமக்குப் பிடித்தது பன்றிக்கும் பிடிக்குமே. ராத்திரியில் கூட்டமாக வந்து கிளறிவிட்டுப் போயின. அப்பா வரப்பில் காவல் இருக்கத் தொடங்கினார். ஐப்பசியில் ஒருநாள் விடிந்ததும் வீட்டுக்கு வந்தவரின் ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றதில் இல்லை.

“இன்னொரு செருப்பு எங்கங்க?” என்று அம்மா கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

“முழங்காலுக்குக் கீழ எறும்பு ஊருற மாதிரி இருக்கு. பாதம் மதமதன்னு கெடக்கு” என்றார் அப்பா, ஏதோ அடுத்த வீட்டுக்காரர் காலைப் பற்றிச் சொல்வது போல.

நாட்டு வைத்தியர் நாடி பார்த்து, வாயு என்றார். மொச்சை, பருப்பு, உருளைக்கிழங்கு, வாழைக்காய் எதையும் தொடக்கூடாது. அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் எப்படித்தான் வாயுவாகப் போனதோ தெரியவில்லை. பத்தியம் இருந்து அவர் பாதியாக இளைத்தார். காலில் ஊர்ந்த எறும்பு மட்டும் இளைக்கவில்லை. உசிலம்பட்டி டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிச் சிவப்பு ஊசியாகப் போட்டார். குறி சொல்கிறவர், யாரோ மந்திரித்து வைத்த மண்ணை அப்பா தாண்டிவிட்டார் என்று சொல்லி, கணுக்காலில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டார். “கட்டுனதே தெரியலங்க” என்றார் அப்பா. பாராட்டு என்று நினைத்துக் குறிகாரர் தலையை ஆட்டினார். வியாதியே அதுதான் என்று அவருக்கு யார் சொல்வது?

கார்த்திகையில் கடலை வீடு வந்து சேர்ந்தது. அப்பாவின் பாதம் அதற்குள் சொன்ன பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. காலைத் தூக்கினால் முன்பாதம் தொங்கியது. வைத்தால் டப்பென்று அறைந்தது. தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டாலே அப்பா வருகிறார் என்று நான் ஓடுவேன்.

எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் சுகாதாரத் துறைக்காரர்கள் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாமாம். புதிதாக எழுத்துக் கூட்டப் படித்த தெம்பில் அதை நான் தினமும் வீட்டில் ராகம் போட்டுச் சொல்லுவேன். ஒருநாள் அம்மா என் வாயைப் பொத்தினாள். பெருவியாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்ததாலேயே அது வீடு முழுக்க இருந்தது. அத்தைக்குத் தையில் கல்யாணம். அப்பாவின் ஒரே தங்கை. மாப்பிள்ளை ஒத்தக்கடைப் பக்கம். அப்பாவின் கால் மரத்துவிட்டது என்று ஒரு காற்று அங்கே வீசினால் போதும், பரிசம் போட்ட தட்டு திரும்பி வந்துவிடும்.

பசுமலையில் சைக்கிள் கடை வைத்திருந்த என் தாய்மாமாதான் வழி சொன்னார். “மச்சான், பெரியாசுபத்திரிக்குப் போவம். ஊருல கேட்டா பிள்ளைக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லிக்கிருவம்.”

ஒரே நாளில் நான் ஊருக்கே நோயாளியானேன். வழியில் பார்த்தவர்களெல்லாம் என் இமையை இழுத்துப் பார்த்தார்கள். பொன்னாங்கண்ணி ஒரு கட்டு, முருங்கைக்கீரை இரண்டு கட்டு வந்து சேர்ந்தன. பிள்ளை பெற்றிருந்த பக்கத்து வீட்டு அக்கா, “ரெண்டு சொட்டுப் பால் விடுறேன், தலைய நிமுத்து” என்று துரத்தினாள். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆக வேண்டும்? நானும் சுவரைத் தடவி நடந்தேன். ஒரு கோழியின் மேல் வேண்டுமென்றே இடறி விழுந்தேன். அம்மா சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் பார்த்தார். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஸ்டூலின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். டாக்டர் குண்டூசியால் குத்தினார், பஞ்சால் வருடினார், சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகெல்லாம் தேடினார். முழங்காலுக்குப் பின்னால் விரலை வைத்து நரம்பை உருட்டிப் பார்த்தார்.

“தேமல் எதுவும் இல்ல. இருந்தாலும் பாக்கணும். அடுத்த வாரம் பெரிய டாக்டர் இருக்கறப்ப வாங்க” என்றார்.

தேமல் இல்லை என்பதை அப்பா அங்கேயே விட்டுவிட்டு, ‘இருந்தாலும்’ என்ற ஒரு சொல்லை மட்டும் ஊருக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வாரம் முழுக்க, கடலை பிடுங்கி முடித்த காட்டில் என்ன காவலோ, அங்கே போய்ப் படுத்தார். நான் முதுகில் ஏறப் போனால், “கிட்ட வராத தாயி, ஒரே வேர்வை” என்றார். மார்கழிப் பனியில் மனிதருக்கு வேர்க்குமா என்று நான் யோசிக்கவில்லை. அப்பாவுக்கு ஏதோ கோபம் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் கூட்டமான கூட்டம். மாமா டீ குடிக்கப் போய்விட்டார். அப்பா வராந்தாவை விட்டிறங்கி, மரத்தடியில், ஊர் மந்தையில் எப்படி உட்காருவாரோ அப்படி உட்கார்ந்தார். எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் உட்காருவார்கள். முழங்கால் இரண்டையும் குத்திட்டு வைத்து, துண்டை இடுப்புக்குப் பின்னாலிருந்து சுற்றிக் கொண்டுவந்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே இறுக்கி ஒரு முடிச்சு. சுவர் வேண்டாம், தூண் வேண்டாம். சாய்வு நாற்காலியைத் தோளிலேயே போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் நாங்கள்.

காரிலிருந்து இறங்கி வந்த வயதான டாக்டர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். பிறகு நின்றார், திரும்பி வந்தார். அப்பா பதறிப்போய்த் துண்டை அவிழ்க்கப் பார்த்தார். பெரிய மனிதர் முன்னால் அப்படி உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லையே.

“அவுக்காதீங்க, அப்படியே இருங்க” என்றார் டாக்டர். “எந்தக் கால்?”

அப்பா தொட்டுக் காட்டினார். அந்த மனிதர் வெள்ளைக் கால்சட்டையோடு புழுதியில் மண்டி போட்டு, முழங்காலுக்கு வெளிப்பக்கம், துண்டு அழுத்திய இடத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

“யாத்தே!” என்று அப்பா துள்ளினார். “பெருவிரல் வரைக்கும் கரண்டு அடிக்குதுங்க.”

“தினமும் இப்படித்தான் உக்காருவீங்களா?”

“ஆமாங்க. வேறெப்படி உக்கார்றது?”

“எம்புட்டு நேரம்?”

“எந்திரிக்கிற வரைக்கும்.”

டாக்டர் சிரித்துவிட்டார். ஒவ்வொன்றாகக் கேட்டார். கடலைக் காவல் வந்தது. சாயங்காலம் போட்ட முடிச்சோடு விடிய விடியத் தூங்கி வழிந்தது வந்தது. வைத்தியரின் பத்தியமும் வந்தது. காலுக்கு ஓடுகிற நரம்பு அந்த இடத்தில் எலும்பின் மேல் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது என்றும், அதைத்தான் துண்டு அழுத்தியிருக்கிறது என்றும், பத்தியத்தில் உடம்பு இளைத்துச் சதை குறைந்ததும் இன்னும் நேராக நசுக்கிவிட்டது என்றும் அவர் பொறுமையாகச் சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்த காலில் அது எப்படித் தெரியும்? நோயைக் கொடுத்த துண்டை மரியாதைக்காகக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டல்லவா நாங்கள் டாக்டர் டாக்டராகப் போயிருக்கிறோம்!

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. “எங்க ஐயனாரே காலுல பட்டையக் கட்டித்தானங்க உக்காந்திருக்காரு?”

“ஐயனாரு எந்திரிச்சு நடக்க வேண்டியதில்ல. உங்களுக்குக் காடு கரை இருக்கு.”

துண்டு கட்டக் கூடாது, பத்தியம் கூடாது, மொச்சையும் பருப்பும் நன்றாகச் சாப்பிட வேண்டும், கால் மெல்ல மெல்லத் தானாக வரும் என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. தையில் அப்பா டப் டப்பென்று நடந்தே அத்தையைத் தாரை வார்த்துக் கொடுத்தார். பங்குனியில் சத்தம் குறைந்தது. ஆடி உழவுக்கு அந்தச் சத்தமே இல்லை. அதன் பிறகு நெடுங்காலம் நன்றாக நடமாடி, என் பிள்ளைகளுக்கும் கடலை அவித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அந்த டாக்டரின் பெயரைக் கேட்டுக்கொள்ள எங்களுக்குத் தோன்றவே இல்லை. அம்மா சாகும்வரை பொங்கல் பானை பொங்கும்போது, “அந்த மகராசன் நல்லாருக்கணும்” என்பாள். இப்போது அதை நான் சொல்கிறேன். ஒரு மனிதர் போகிற போக்கில் நின்று, திரும்பி வந்தார். எங்கள் வீடு பிழைத்தது.

அன்று டாக்டர் எழுந்து புழுதியைத் தட்டும்போது அப்பா அவரை விடவில்லை.

“அப்ப, அது இல்லீங்களா டாக்டரய்யா?”

“எது?” என்றவர், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “அது இல்ல. இல்லவே இல்ல.”

அப்பா துண்டின் முடிச்சை அவிழ்த்தார். பிறகு என்னைக் காட்டி, “பிள்ளையத் தூக்கலாங்களா?” என்று கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். “கால் சரியாகுற வரைக்கும் நின்னுக்கிட்டுத் தூக்காதீங்க. உக்காந்து மடியில வச்சுக்கங்க” என்றார்.

அவர் படியேறுவதற்குள் அப்பா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். எட்டு வயது, இரட்டைச் சடை, மூன்றாம் வகுப்பு. ஆஸ்பத்திரிக்கு வந்த கூட்டமெல்லாம் பார்க்கிறது. டீ குடித்துவிட்டு மாமாவும் வந்துவிட்டார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. “விடுப்பா, நான் என்ன கைப்பிள்ளையா?” என்று திமிறினேன். எவ்வளவு திமிறினாலும் அப்பா விடவில்லை. தூக்கலாமா என்று கேட்டுத் தூக்கும் அளவுக்கு நான் அவ்வளவு கனமாகவா ஆகிவிட்டேன் என்று வீடு வந்து சேரும்வரை எனக்கு ஒரே ரோஷம்.