திரை கறுப்பாக இருந்த நேரம்

குப்புறக் கிடக்கும் மடிக்கணினியும், பக்கத்தில் தேத்தண்ணீர்ச் சோசரில் கழற்றிப் போட்ட திருகாணிகளுமாகத்தான் என் மைத்துனன் எப்போதும் நினைவில் வருகிறான். என் மனைவியின் தம்பி. நாங்கள் வட லண்டனில், எட்மண்டனில் வீடு வைத்திருந்த காலத்தில், மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அவன் வருகிறான் என்று தெரிந்தால் உறவுக்காரர் ஆளுக்கொரு கணினியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவார்கள். அடுப்பில் ஆட்டிறைச்சிக் கறி கொதிக்கும். சாப்பாட்டு மேசை பட்டறையாக மாறியிருக்கும். எதைத் திறந்தாலும் அவன் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதை ஆர் உங்களை வாங்கச் சொன்னது?" தானே கடைக்குக் கூட்டிப்போய் வாங்கித் தந்த ஒன்றைப் பார்த்தும் ஒருமுறை அப்படிக் கேட்டான். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. வாய்க்காரன். ஆனால் அவன் இல்லாத ஞாயிறு உப்பில்லாத சாப்பாடு மாதிரி இருக்கும்.

மனைவியும் நானும் பிரிந்தபோது வீடு போனது, ஞாயிறும் போனது. தமிழ்ப் பூசையில் அவளுடைய ஆட்கள் ஒரு பக்கமாக நிற்க, நான் எங்கே போய் நிற்பது? வால்தம்ஸ்டோவில் ஒரு அறை எடுத்து, பக்கத்துக் கோவிலில் ஆங்கிலப் பூசைக்குப் போகத் தொடங்கினேன். அங்கே சமாதானம் சொல்லிக் கைகொடுப்பவர்கள் வாசலைத் தாண்டியதும் முகம் பாராமல் போய்விடுவார்கள். மைத்துனனோடு எனக்கு ஒரு மனஸ்தாபமும் இல்லை. அதுதான் தொல்லை. சண்டை பிடித்திருந்தால் சமாதானம் பேசப் போகலாம். சண்டையே இல்லாதவனை எந்த முகத்தோடு அழைப்பது? மனைவி இல்லையென்றான பிறகு அவளுடைய தம்பி எனக்கு யார் என்று யாரும் சொல்லித் தரவில்லை. இப்படியே இரண்டு நத்தார்ப் பண்டிகைகள் கழிந்தன.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, என் மடிக்கணினி ஆமை வேகத்தில் ஓடுகிறதே என்று புதிதாக ஒரு மெமரி வாங்கி, காணொளி பார்த்து நானே அதை உள்ளே பூட்டினேன். மூடி, பொத்தானை அமத்தினேன். விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி இரைந்தது. திரை மட்டும் கன்னங்கரேலென்று கிடந்தது. நிறுத்தினேன், போட்டேன். கழற்றித் திரும்பப் பூட்டினேன். கெட்ட வார்த்தையும் சொல்லிப் பார்த்தேன். அப்டன் பார்க்கில் ஏதாவது ஒரு கடையில் கொடுத்திருக்கலாம். ஆனால் கை தொலைபேசிக்குத்தான் போனது. பழுதான கவலையைவிட, அழைக்க ஒரு காரணம் கிடைத்த சந்தோஷம் எனக்குப் பெரிதாக இருந்தது. கூடவே பயமும். கணினி போனால் இன்னொன்று வாங்கலாம். மைத்துனன் எடுக்காமல் விட்டால், அல்லது எடுத்து யாரோ ஒருவரோடு பேசுவதுபோலப் பேசினால், லண்டனில் எனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே உறவும் அறுந்துவிடும்.

"சொல்லுங்கோ அத்தான்," என்றான்.

அக்காவின் கணவனை அழைக்கும் அதே அத்தான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அதை யார் வாங்கச் சொன்னது என்று வழக்கம்போல ஏசிவிட்டு, "படம் வரேல்லை எண்டு உடன உடன நிப்பாட்டினீங்களோ?" என்று கேட்டான்.

"ஓம். பிறகு என்ன செய்யிறது?"

"அதுதான் பிழை. புது மெமரி போட்டால் முதல்தரம் அது தன்ரபாட்டில சோதிச்சுப் பார்க்கும் அத்தான். கனநேரம் கறுப்பாத்தான் கிடக்கும். போட்டிட்டுக் கையை எடுங்கோ. தொடாதேங்கோ."

போட்டுவிட்டுக் கையை எடுத்தேன். அவன் தொலைபேசியை வைக்கவில்லை. நான் ஒலிபெருக்கியைப் போட்டு, அதைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன். இருவரும் ஒரு கறுப்புத் திரைக்காகக் காத்திருந்தோம். அவன் பக்கம் குக்கர் விசில் அடித்தது, பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை பிடித்தார்கள். என் பக்கம் விசிறியின் இரைச்சல் மட்டும்தான். சாப்பிட்டீங்களோ என்று கேட்டான். ஆர் சமைக்கிறது என்றான். நான்தான் என்றதும், "ஐயோ, அப்ப சாப்பிடேல்லை எண்டு சொல்லுங்கோ," என்று சிரித்தான். அவனுடைய சின்ன மகள், மாமா எங்கே என்று என்னை இப்போதும் கேட்கிறாளாம். அவன் தன் அக்காவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் கதைத்தோம். அந்த அறையில் இவ்வளவு தமிழ் அதுவரை கேட்டதில்லை.

அப்போது திரையில் மெல்ல வெளிச்சம் வந்தது. நடுவில் அடையாளச் சின்னம், அதன் கீழே சுழலும் புள்ளிகள். வந்துவிட்டது என்று சொன்னால் வேலை முடிந்தது. அவன் நல்லது அத்தான் என்பான், வைத்துவிடுவான். பிறகு எதைச் சொல்லி அழைப்பேன்?

"என்ன அத்தான், வந்திட்டுதோ?"

"இல்லை," என்றேன். "இன்னும் கறுப்பாத்தான் கிடக்குது."

சொல்லி வாய் மூடவில்லை. கணினி முழுதாகத் திறக்கும்போது எழுப்பும் அந்த மணியோசை, தொலைபேசிக்குப் பக்கத்திலேயே, கணீரென்று கேட்டது. எத்தனையோ கணினிகளைத் திறந்து மூடியவனுக்கு அது என்ன ஓசை என்று தெரியாமலிராது. எனக்குக் காது சுட்டது. அந்தப் பக்கம் குக்கர்ச் சத்தம் நின்றது. யாரோ அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஒரு கதிரையைச் சத்தம் கேட்க இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அவசரமில்லை அத்தான்," என்றான். "அது ஆறுதலா வரட்டும். நான் லைனில நிக்கிறன்."