மடிக்குப் பின்னால் அடித்த மணி

போர் முடிந்து சில வருடங்கள் கழிந்திருந்த நேரம். மன்னார்த் தீவில், கீரிக் கடற்கரைக்குக் கிட்ட எங்கள் வீடு. நானும் கணவரும் ஒன்றே முக்கால் வயது மகளும் மட்டும்தான். இவர் கடலுக்குப் போவார். நான் வீட்டிலிருந்து பயப்படுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காற்று திரும்பினால் பயம், பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் பயம். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கும் ஆள் நான். “உனக்குப் பயப்பிட ஒண்டும் கிடைக்காட்டி, ஏன் கிடைக்கேல்லை எண்டு பயப்பிடுவாய்” என்று இவர் பகிடி பண்ணுவார்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு லேடி டொக்டர் எங்கள் ஊருக்கு வந்தார். தமிழ் ஆள். சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்ப்பதற்கு வெளிநாட்டில் ஒரு சோதனை முறை இருக்கிறதாம். காது கேட்கிறதா, பேச்சு வருகிறதா, கை கால் சரியாக இயங்குகிறதா என்று பார்த்து, பிந்தியிருக்கும் பிள்ளையை முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்தியத்துக்கு அனுப்பலாமாம். ஆனால் அது அந்த நாட்டுப் பிள்ளைகளுக்காகச் செய்தது. எங்கள் பக்கத்துக்குப் பொருந்துகிற மாதிரி அதை மாற்ற வேண்டும், அதற்குத் தாய்மாரின் யோசனை வேண்டும் என்றார். கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் எட்டு ஒன்பது தாய்மாரைக் கூட்டினார்கள். மகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

முதல் நாள் ஒரே சிரிப்பு. “பிள்ளை கையைப் பிடிச்சுக்கொண்டு மாடிப்படி ஏறுமோ?” என்று டொக்டர் வாசித்தார். கருவாடு போடும் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா விடுவாரா?

“டொக்டர், கீரியில மாடி எங்க கிடக்கு? கரையில இழுத்து வைச்ச வள்ளம்தான் கிடக்கு. அதில ஏறுமோ எண்டு கேளுங்கோ. ஏறி, குதிச்சு, மண்டையையும் உடைச்சுக்கொண்டு வருவினம்.”

டொக்டரும் சிரித்தார். சிரித்தாலும் அதை அப்படியே எழுதினார். கரண்டியால் சூப்புக் குடிக்குமா என்பது கையால் சோறு எடுத்து உண்ணுமா என்று மாறியது. படங்களில் இருந்த பனிமனிதன் போய் நண்டு வந்தது. ஒவ்வொரு முறையும் டொக்டர் ஒன்றையே சொன்னார்: “நாங்கள் உங்கட பிள்ளையளைச் சோதிக்க வரேல்லை. இந்தத் தாளைத்தான் சோதிக்கிறம். பிள்ளை செய்யாட்டில் பயப்பிடாதேங்கோ, தாளில பிழை இருக்கலாம்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் நம்பவில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கணக்குப் பாடத்தில் எனக்குக் கிடைத்த புள்ளியை வகுப்பு முழுவதும் கேட்க வாத்தியார் வாசித்தார். அடுத்த மாதம் இடம்பெயர்ந்து போனோம். திரும்பி வந்த பிறகு என் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடம் போனார்கள், நான் போகவில்லை. அதனால் ஒருவர் கையில் தாளும் பேனையும் இருந்தால் அவர் என்னைத்தான் அளக்கிறார் என்று இன்றைக்கும் என் நெஞ்சு சொல்லும். இந்த முறை அளக்கப்படுவது என் பிள்ளை.

கேட்கும் திறனைப் பார்க்கும் பகுதி வந்தது. பிள்ளையைத் தனியாக ஒரு சின்னக் கதிரையில் இருத்த வேண்டும். தெரியாத ஒருவர் பின்னால் நின்று சின்ன மணியை அடிக்க வேண்டும். பிள்ளை திரும்பிப் பார்த்தால் சரி. எங்கள் பிள்ளைகளோ கதிரையில் இருத்திய உடனேயே கோயில் அதிரக் கத்தினார்கள். “உங்கட வெள்ளைச் சட்டையைக் கண்டிட்டு ஊசி எண்டு நினைக்குதுகள்” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. டொக்டர் மறுநாள் பூப்போட்ட சட்டை போட்டு வந்தார். அதற்கும் கத்தினார்கள்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். “தாயின்ர மடியில இருந்தா அழாதுகள், டொக்டர். தாய் வைச்சிருக்கட்டும். நீங்கள் தாய்க்குப் பின்னால நிண்டு மணியை அடியுங்கோ.”

டொக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இதைத்தான் நாங்கள் எதிர்பாத்தனாங்கள். நல்ல யோசனை, தங்கச்சி” என்று சொல்லி என் கண்முன்னே எழுதினார். என் வாயிலிருந்து வந்த ஒன்றை ஒருவர் மதித்து எழுதியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு இவருக்கு அதை மூன்று முறை சொன்னேன்.

இனிச் சொல்லப்போவதைத்தான் இவ்வளவு காலமும் ஒருவருக்கும் முழுதாகச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னர், குசினியில் என் கையிலிருந்து சட்டி மூடி நழுவி விழுந்தது. சீமெந்து நிலத்தில் அது போட்ட சத்தத்துக்கு வெளியே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இவரே எட்டிப் பார்த்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிப்பி அடுக்கிய மகள் அசையவில்லை. ‘விளையாட்டில் மூழ்கிவிட்டாள்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதற்கெல்லாமோ பயந்தவள், அதற்கு மட்டும் பயப்பட மறுத்தேன். அது அவ்வளவு பெரிய பயம்.

அதோடு இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் மடியில் பிள்ளை இருக்கும்போது ஆராவது வந்தால், தாயின் கை தானாகவே பிள்ளையை அந்தப் பக்கம் திருப்பிவிடும். “அங்க பார், ஆர் வந்திருக்கினம் எண்டு” என்று தோளில் ஒரு தட்டு, இடுப்பில் ஒரு சின்ன அழுத்தம். வந்தவருக்கு முகம் காட்டாமல் பிள்ளை இருப்பது மரியாதை இல்லை. இதை ஒருவரும் யோசித்துச் செய்வதில்லை. கொழும்பில் வளர்ந்த டொக்டருக்கு அது தெரியவில்லை. மண்டபத்தில் இருந்த மற்றத் தாய்மாருக்கு, அது சொல்ல வேண்டிய விடயம் என்றே தோன்றவில்லை. எனக்கு மட்டும் தோன்றியது. நான் சொல்லவில்லை.

“கையை அசைக்காமல் வைச்சிருங்கோ” என்று டொக்டர் எல்லாருக்கும் சொன்னார்தான். ஆனால் அவர் நின்றது எங்களுக்குப் பின்னால். டொக்டருக்கு உதவிக்கு வந்து முன்னால் இருந்த இளம்பிள்ளை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. மகளின் இடுப்பில் இருந்த என் விரல்கள் அழுத்தின. அவள் திரும்பி டொக்டரைப் பார்த்துச் சிரித்தாள். “அச்சாப் பிள்ளை!” என்றார் டொக்டர். தாளில் சரி விழுந்தது. என் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அது தப்பான இடத்தில் இறங்கியது என்பது பிறகுதான் தெரிந்தது.

எல்லாம் முடிந்ததும் தாய்மார் கேட்டதற்காகப் பிள்ளைகளின் தாள்களில் ஒவ்வொரு பிரதி தந்தார்கள். “இது சான்றிதழ் இல்லை, வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ, நாங்கள் இன்னும் சரிபாத்து முடிக்கேல்லை” என்று டொக்டர் திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் மன்னார் டவுனுக்குப் போய் அதை லமினேட் பண்ணிக்கொண்டு வந்து அலுமாரியில் வைத்தேன்.

மகளுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. எங்கள் பகுதி மிட்வைஃப் வீட்டுக்கு வந்தபோது பிள்ளையின் பின்னால் நின்று இரண்டு மூன்று தரம் கையைத் தட்டினார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார்.

“பிள்ளை, கோவிக்காதேயும். இவளின்ர காதை ஒருக்கா யாழ்ப்பாணத்தில காட்டினா என்ன?”

“அதெல்லாம் கேக்கும், மிஸி. அவள் கள்ளி, வேணுமெண்டு திரும்ப மாட்டாள்.”

“கேட்டா நல்லதுதானே. எதுக்கும் காட்டிப்போட்டு வாருமன்.”

நான் உள்ளே போய் அந்தத் தாளைக் கொண்டு வந்து நீட்டினேன். “கொழும்பு டொக்டரே பாத்துச் சரியெண்டு போட்டிருக்கிறா, மிஸி. நீங்கள் அவவை விடப் பெரிய ஆளோ?”

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப சரி” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கேற்றைச் சாத்தும்போது ஒரு தரம் திரும்பி மகளைப் பார்த்தார். அந்தப் பார்வை இப்போதும் எனக்கு முன்னால் நிற்கிறது. அடுத்த மாதம் அவர் மாற்றலாகிப் போனார். பிறகு வந்தவருக்கு நானே முந்திக்கொண்டு தாளைக் காட்டினேன்.

நாலு வயதில் முன்பள்ளிக்கு விட்டோம். இரண்டாம் கிழமையே ரீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். இடைவேளை மணி அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் ஓடுகின்றன, இவள் மட்டும் அவர்கள் ஓடுவதைக் கண்டபிறகுதான் எழும்புகிறாள் என்றார். அன்றைக்கு நான் தாளை எடுத்துக்கொண்டு போகவில்லை.

யாழ்ப்பாணத்தில் காதைச் சோதித்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. மகள் என் மடியில்தான். “அம்மா, ரெண்டு கையையும் கதிரைப் பிடியில வையுங்கோ, எடுக்கக் கூடாது” என்றார்கள். வைத்தேன். சத்தம் வந்தது. எனக்குக் கேட்டது, இவருக்குக் கேட்டது. இன்னும் கூட்டினார்கள். மகள் தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

“இவ்வளவு நாளும் ஏன் கொண்டு வரேல்லை?” என்று அங்கிருந்த டொக்டர் கேட்டார். ஏசவில்லை. “ரெண்டு வயசுக்குள்ள காதுக்கு மெஷின் போட்டிருந்தா...” என்று தொடங்கிவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த வசனத்தை நான் எத்தனையோ தரம் முடித்துப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில், தள்ளாடிச் சந்தியைத் தாண்டித் தீவுப் பாலத்தில் ஏறும்போது, விரல் அழுத்தியதை இவரிடம் சொன்னேன். மன்னாரில் இறங்கும்போது இவர் சொன்னார்: “உன்ர எல்லாப் பயத்தையும் எனக்குச் சொன்னாய். இதை மட்டும் ஏனப்பா சொல்லேல்லை?” அதற்குப் பிறகு இவர் என் பயங்களைப் பகிடி பண்ணுவதில்லை. பண்ணினால் நல்லாயிருக்கும்.

அதற்கு அடுத்த வருடம், அடம்பனில் கலியாணம் செய்திருக்கும் என் தங்கையோடு அவள் பிள்ளையின் கிளினிக்குக்குத் துணைக்குப் போனேன். ஒரு மூலையில் தொண்டர் பிள்ளை ஒருத்தி மேசை போட்டு இருந்தாள். மேசையில் பிள்ளைகளின் வளர்ச்சிச் சோதனைக்குப் புதிதாக அச்சடித்த புத்தகம். திறந்திருந்த பக்கத்தில் ஒரு படம்: பெண் ஒருத்தி மடியில் பிள்ளையோடு இருக்கிறாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி மணி அடிக்கிறாள். என் யோசனை. படத்தில் இருந்தவளின் கை பிள்ளையின் இடுப்பில்.

தொண்டர் பிள்ளை மணியோடு எழும்பிப் பின்னால் போனாள். கதிரையில் ஒரு வயல்காரப் பெண், மடியில் பொடியன். நான் முன்னால் நின்றதால் எனக்குத் தெரிந்தது: அவள் விரல்கள் தயாராக இருந்தன.

“கையை எடுங்கோ!” என்று கத்திவிட்டேன்.

கிளினிக் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “உங்களுக்கென்ன விசரோ?” என்றாள் அந்தப் பெண்.

“தங்கச்சி, இது பிழை. தாய்மார் கையால திருப்பி விடுவினம். மடியில வைச்சுப் பாக்கிறதெண்டா தாயின்ர கையைப் பாக்க முன்னால ஒரு ஆள் வேணும்” என்று தொண்டர் பிள்ளையிடம் சொன்னேன்.

“அக்கா, புத்தகத்தில இப்பிடித்தான் கிடக்கு. படிச்ச ஆக்கள் செய்தது.”

“அதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான்!”

அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். புத்தகத்தின் முன்பக்கத்தில் பெயர்கள் வரிசையாக இருந்தன. என்னுடையது இல்லை. இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை. தங்கை என் கையைப் பிடித்து இழுத்தாள்.

அந்தப் பெண்ணோ ரோசத்தோடு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள். “இந்தா, அடி பிள்ளை, இவ பாக்கட்டும்.” மணி அடித்தது. பொடியன் சட்டென்று திரும்பி, மணியைப் பிடிக்கக் கை நீட்டினான். “கண்டியளோ?” என்றாள் அவள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் பிள்ளையின் மேல் வந்தது பொறாமை. அதை நினைத்து வெட்கப்பட்டது வெளியே மாமரத்துக்குக் கீழே போய் நின்ற பிறகுதான்.

அந்த லேடி டொக்டருக்கு எழுத எத்தனையோ தரம் தொடங்கிக் கிழித்துவிட்டேன். இதை எங்காவது அவர் வாசித்தால் போதும்: உங்கள் தாளில் பிழை இல்லை, டொக்டர், அதில் நான் கை வைத்த இடத்தில்தான் பிழை. மகளுக்கு இப்போது பதினொரு வயது. காதில் மெஷினோடு, அரைகுறைச் சொற்களும் கைச்சாடையுமாகக் கதைக்கிறாள். வீட்டுக்கு ஆராவது வந்தால் அவளைத் திருப்பிவிட என் கை இன்றும் தானாக எழும்புகிறது; அதை மற்றக் கையால் பிடித்து மடியில் அமுக்கி வைத்துக்கொண்டு, அவள் தானாகத் திரும்பும்வரை காத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.