மஞ்சள் எழுத்து

பதிப்பகத்தில் பிழை திருத்தும் அவருக்கு ‘ஒற்று’ என்று பட்டப்பெயர். அச்சுக்குப் போகும் பக்கத்தில் ஒரு க், ஒரு ப் விட்டுப்போயிருந்தாலும் பிடித்துவிடுவார். ஏதோ அரசாங்கமே கவிழ்ந்துவிட்டது போலக் குதிப்பார். பார்வை மங்கிய பிறகு வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். பாடநூல் பக்கங்கள் கணினிக்கு வரும். பிரவுசரின் மூலையில் இருந்த பொத்தானை அழுத்தினால் பக்கம் முழுக்கக் கறுத்து, எழுத்தெல்லாம் தடித்த மஞ்சளில் எழுந்து நிற்கும். அந்தப் பொத்தான்தான் அவருக்குச் சோறு போட்டது.

அதே மூலையில் ஒரு நாள் சிவப்புப் புள்ளி ஒன்று முளைத்தது. அப்டேட் செய்யச் சொல்லும் புள்ளி. வேண்டாத புள்ளி ஒன்று பக்கத்தில் கிடக்க, ஒற்றால் சும்மா இருக்க முடியுமா? அழுத்தினார். புள்ளி போயிற்று. கூடவே பொத்தானும் போயிற்று.

அதன்பிறகு வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. வீட்டில் இருந்ததே அவரும் மனைவியும்தான். புதியதை நீக்கிவிட்டு, எங்கெங்கோ துழாவிப் பழைய பதிப்பைப் பிடித்து ஏற்றினார். மறுநாள் காலையில் அது தானாகவே புதியதாக மாறி உட்கார்ந்திருந்தது. திட்டித் தீர்த்தார், மறுபடி ஏற்றினார். அது தானாக மாறுவதை முதலில் நிறுத்த வேண்டும் என்று ஒரு வழியாகப் பிடிபட்டது. மஞ்சள் எழுத்து திரும்பி வந்தது. மனைவியைக் கூப்பிட்டு, பிறந்த பிள்ளையைக் காட்டுவது போல அந்தப் பொத்தானைக் காட்டினார். அவள் சிரித்தாள்.

ஒன்றுதான் குறை. தூர தேசத்தில் இருந்த மகள் ஞாயிறுதோறும் முகம் பார்த்துப் பேசும் தளம், பழைய பிரவுசரில் திறக்க மறுத்தது. இன்னொரு பிரவுசரையும் தனியாகப் போட்டுக்கொள்ளலாமே என்றாள் மகள். அது வந்து இதையும் கெடுத்துவிடுமோ என்று அவருக்குப் பயம். பயத்தை வீம்பாகக் காட்டுவதுதான் அவர் வழக்கம். பேச்சுத்தானே, போனில் பேசினால் ஆகாதா என்றார். வீட்டில் இருந்தது பட்டன் போன். அதில் படம் வராது.

அன்றுமுதல் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசினார்கள். மனைவி ‘ம்’ கொட்டுவாள், சாப்பிட்டாயா என்பாள், சரிம்மா என்பாள். மகள் பிள்ளை உண்டாகியிருந்த நேரம் அது. பாட்டியாகப்போகும் பெருமை இவளுக்குப் பிடிபடவில்லை.

ஒரு ஞாயிறு மகளின் குரல் கம்மியிருந்தது.

“அம்மா, கரு தங்கலைம்மா.”

மனைவி முகமெல்லாம் மலர, “ரொம்ப நல்லதும்மா. அப்படியே உடம்பப் பாத்துக்கோ” என்றாள்.

மகள் போனை வைத்துவிட்டாள்.

“உனக்கு என்ன காது கேக்கலையா?” என்று சீறினார் ஒற்று.

அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் தலையாட்டினாள். “ரொம்ப நாளாவே சரியாக் கேக்கறதில்ல. எதிர்ல இருந்தா வாயைப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். போன்ல வெறும் இரைச்சல்தான்.”

“ஏன் சொல்லல?”

“அந்த மஞ்ச எழுத்து வந்ததும் நீங்க பட்ட சந்தோஷத்தப் பாத்தேன். அத விட்டுடுங்கன்னு எப்படிச் சொல்றது?” பிறகு கேட்டாள்: “இப்ப என்ன சொன்னா அவ?”

எங்கோ ஒரு ப் விட்டுப்போனால் தூக்கம் கெடுகிற மனிதர், ஒரே வீட்டில் இருப்பவளுக்கு இவ்வளவு விட்டுப்போனதைக் கவனிக்கவில்லை. மகள் சொன்னதைத் தன் வாயால் சொல்லவும் துணிவு வரவில்லை. இரு என்று கைகாட்டிவிட்டுக் கணினிக்கு ஓடினார். இன்னொரு பிரவுசரை இறக்கினார். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம்தான் ஆயிற்று. மஞ்சள் எழுத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மகள் அழைப்பை எடுத்தாள். கேமராவை மட்டும் போடவில்லை. மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கறுப்புத் திரையில் முகத்தைத் தேடினாள்.

“கேமராவப் போடும்மா” என்றார் அவர். “உன் வாயைப் பாத்தாத்தான் அம்மாவுக்குப் புரியும். இத்தன நாளா எனக்குத் தெரியல.”

திரையில் மகளின் முகம் வந்தது. கண்கள் வீங்கியிருந்தன. மனைவி முன்னால் சாய்ந்து மகளின் உதட்டைப் பார்த்தாள். அப்பா சொல்லியிருக்க வேண்டியதை, மகள் இன்னொரு தடவை சொன்னாள்.