தகட்டுக் கந்தப்பனின் வண்டி

கந்தப்பனின் வண்டியில் இடது இண்டிகேட்டரைப் போட்டால் ஓடிக்கொண்டிருக்கும் வைப்பர் நின்றுவிடும். ஹாரனை அழுத்தினால் முன்விளக்கு மங்கும். பிரேக்கில் கால் வைத்தால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற சின்ன விளக்குகள் அத்தனையும் சீரியல் செட் மாதிரி ஒரு தரம் மினுக்கும். மழையில், மூடுபனியில், எதிரே தேயிலைக் கொழுந்து லாரி வருகிற வளைவில், இவற்றில் எது வேண்டுமென்று ஓட்டுகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டும். கந்தப்பன் ஹாரனைத் தேர்ந்தெடுப்பார். தான் வருவது மற்றவர்களுக்குத் தெரிந்தால் போதும், மற்றவர்கள் வருவது தனக்குத் தெரிய வேண்டியதில்லை. வேலையில் இருந்த காலத்திலும் அவர் அப்படித்தான்.

வேலை, குன்னூர்ப் பக்கம் வெடிமருந்துத் தொழிற்சாலையில். பதவியின் பெயர் நீளமானது. காரியம் சின்னது. கட்டட வாசலில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவரையும் சுவரில் பதித்த பித்தளைத் தகட்டைத் தொடவைக்க வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் தகடு வழியாக மண்ணுக்கு இறங்கிவிடும். இறங்காவிட்டால் உள்ளே ஒரு பொறி போதும். தொழிலாளிகள் அவரைத் தகட்டுக் கந்தப்பன் என்றார்கள். ஒருமுறை டெல்லியிலிருந்து வந்த அதிகாரி விரல் பட்டும் படாமலும் தொட்டுவிட்டு உள்ளே நுழைந்தார். "சரியாத் தொடல சார், மறுபடி தொடுங்க" என்று கந்தப்பன் திருப்பிக் கூப்பிட்டார். அதிகாரி தொட்டார். இந்தக் கதையைக் கந்தப்பன் எல்லாக் கல்யாணப் பந்தியிலும் சொல்லியிருக்கிறார். அவர் பணிக்காலம் முழுவதும் அந்தக் கட்டடத்தில் எதுவும் வெடிக்கவில்லை. வெடிக்காத கட்டடத்துக்காக யாரும் சால்வை போர்த்த மாட்டார்கள் என்பது அவருடைய நிரந்தர வருத்தம்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கீழ் கோத்தகிரியில் ஒரு வீடு வாங்கினார். நாலு பக்கமும் தேயிலை. பஸ், காலையில் ஒன்று, சாயங்காலம் டிரைவருக்கு மனம் இருந்தால் ஒன்று. மனைவி அஞ்சலை வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். குளிர் ஆகாத மூட்டுவலிக்காரி அவள்.

"வண்டி ஒண்ணு வாங்குங்க. அது ஓடற வரைக்கும் இங்க இருக்கறேன். நின்னுச்சுன்னா உஷா ஊட்டுக்குப் போயிறலாம்."

உஷா மகள். கோயமுத்தூரில் இருக்கிறாள். அப்பா அம்மாவுக்கென்று மாடியில் ஓர் அறை கட்டி, அதில் ஏசி வேறு மாட்டி வைத்திருந்தாள். ஆயுள் முழுக்கக் கம்பளிக்குள் கிடந்தவருக்கு ஏசி. கந்தப்பன் அதைத் தன்மேல் நடத்தப்பட்ட தாக்குதலாகவே எடுத்துக்கொண்டார். உடனே ஒரு பழைய டீசல் வண்டியை வாங்கினார். எட்டுப் பேர் உட்காரலாம். வீட்டில் இரண்டு பேர்.

மழைக்காலத்துக்கு முன் அந்தப் பக்கத்தில் எல்லோரும் வண்டியின் அடியில் கறுப்புப் பெயின்ட் அடிப்பார்கள், துரு ஏறாமல் இருக்க. மற்றவர்கள் பிரஷ்ஷை நீட்டி, எட்டின இடத்தில் பூசிவிட்டுப் போவார்கள். கந்தப்பன் அந்த ரகம் இல்லை. இந்த வருடம் மல்லாந்து படுத்து, அடிச்சட்டமான சேசிஸில் கைக்கு அகப்பட்ட போல்ட்டையெல்லாம் கழற்றினார். போல்ட் உட்காரும் இடத்தைக்கூடத் துடைத்து, இரண்டு கோட்டிங் கொடுத்து, காயவிட்டு, மறுபடி முறுக்கினார். "கம்பெனியிலகூட இப்படி அடிச்சிருக்க மாட்டான்" என்றார். அது உண்மைதான். எந்தக் கம்பெனியிலும் இப்படி அடிக்க மாட்டார்கள்.

கொஞ்ச நாளில் வைப்பர், விளக்கு, ஹாரன் எல்லாம் ஒன்றுக்கொன்று சண்டை போட ஆரம்பித்தன. சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. வண்டியை இறக்கத்தில் நிறுத்தி, உருட்டி ஸ்டார்ட் செய்தார். மலையில் இறக்கத்துக்கா பஞ்சம். மூடுபனியைத் திட்டினார். கோத்தகிரியில் பாட்டரியை மாற்றினார். பல்புகளை மாற்றினார். மாற்ற மாற்ற, புதிய சாமான்கள் பழைய சாமான்களைப் போலவே நடந்துகொண்டன.

அப்போதுதான் வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்தது. பதிவைப் புதுப்பிக்க ஊட்டிப் போக்குவரத்து அலுவலகத்தில் சோதனைக்குக் காட்ட வேண்டும். ஆய்வாளர் சின்ன வயது. வைப்பரைப் போடச் சொன்னார். ஓடியது. இடது இண்டிகேட்டரைப் போடச் சொன்னார். வைப்பர் கண்ணாடியின் நடுவில் நின்று, அவருக்குச் சலாம் வைத்த நிலையில் அப்படியே இருந்தது.

"என்னங்க ஐயா இது?"

"பனிக்கு அப்படித்தாங்க சார்."

ஆய்வாளர் வெளியே பார்த்தார். நல்ல வெயில். "அடுத்த வியாழக்கிழமை சரி பண்ணிட்டு வாங்க. இப்படியே வந்தா புதுப்பிக்க முடியாது. உடைக்கத்தான் குடுக்கணும்."

அன்று மாலையே அஞ்சலை பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தாள். துடைத்த பெட்டியை அவர் சாப்பிடுகிற இடத்துக்கு எதிரே வைத்தாள்.

கந்தப்பன் கோத்தகிரிக்குப் போய் எலக்ட்ரீசியன் மருதாசலத்தைப் பிடித்தார். மருதாசலம் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே வண்டி பார்ப்பவர். பானெட்டைத் திறந்தார். போனில் இருந்தவரிடம் "இருங்க" என்றார்.

"ஏனுங்ணா, வயரிங்க முச்சூடும் மாத்தோணும்ங்ணா."

"வயருக்கு என்னய்யா?"

"வயசாயிருச்சுங்."

"எனக்குந்தான் வயசாயிருச்சு. என்னையும் மாத்திருவியா?"

"அக்காவக் கேட்டுச் சொல்லுங்ணா, பாப்போம்" என்று சொல்லிவிட்டு மருதாசலம் போனுக்குத் திரும்பினார்.

இனி தானே பார்ப்பதென்று கந்தப்பன் முடிவு செய்தார். சோதனை விளக்கு ஒன்று வாங்கினார். அதன் ஒரு முனையை பாட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையால் ஒவ்வொரு பல்பின் வயரையும் குத்திப் பார்த்தார். எங்கே குத்தினாலும் சோதனை விளக்கு பளிச்சென்று எரிந்தது. வண்டியின் விளக்கு மட்டும் அழுதது.

"கரண்ட் வருது. வந்தா எரியணும். எரியலைன்னா அது பல்போட திமிரு" என்று அஞ்சலையிடம் சொன்னார்.

"திமிரு எங்கிருந்து தொத்துச்சோ" என்றாள் அவள்.

புதன்கிழமை மதியம் அவர் வண்டிக்கு அடியில் கிடந்தார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அஞ்சலை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் பாதி துணி அடுக்கியாகிவிட்டது. கால்களைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏனுங்க, கரண்ட் வருது வருதுங்கறீங்களே, வந்தது எந்த வழியாத் திரும்பிப் போகுது? நம்ம கிரைண்டருக்கு மண்ணத் தோண்டி எர்த் போட்டீங்க. இதுக்கு எர்த் எங்க இருக்குது?"

அடியிலிருந்து சொற்பொழிவு கிளம்பியது. முப்பது வருடமாக அவள் கேட்கிற அதே குரல்.

"வண்டிக்கு மண்ணுல போட முடியுமா? பாடிதான் எர்த்து. லைட்டு, ஹாரனு, எல்லாத்தோட கரண்டும் பாடி வழியாத்தான் பாட்டரிக்குத் திரும்பும். அதுக்குத்தான் பாட்டரியோட நெகட்டிவ் வயரக் கொண்டாந்து சேசிஸ்ல ஒரு போல்ட்ல வெச்சு, இரும்போட இரும்பு ஒட்டற மாதிரி..."

குரல் நின்றது.

அந்த போல்ட் அவர் மூக்குக்கு மேலேதான் இருந்தது. கன்னங்கரேலென்று மின்னியது. அதன் அடியில் இரும்பும் இரும்பும் ஒட்டவில்லை. நடுவில் இரண்டு கோட்டிங் பெயின்ட் ஒட்டியிருந்தது, துளிக்கூட உரியாமல். கரண்ட் திரும்பிப் போக நேர்வழியில்லாமல், போல்ட்டின் மரையில் கொஞ்சம் கசிந்து, மீதி ஒவ்வொரு சாமானின் வயரிலும் புகுந்து அலைந்துகொண்டிருந்தது. ஊரையெல்லாம் தகட்டைத் தொடவைத்தவர் தன் வண்டியின் தகட்டுக்குப் பெயின்ட் அடித்திருந்தார்.

அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது.

"கத்தியக் குடு."

"வெங்காயம் வெட்டற கத்திங்க."

"பரவால்ல."

கழற்றி, சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் முறுக்கினார். சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. இண்டிகேட்டர் அடித்தது, வைப்பர் ஓடியது, ஹாரன் சத்தத்துக்கு விளக்கு மங்கவில்லை.

"பாட்டரி வயரு லூசு" என்றார் கந்தப்பன்.

அஞ்சலை கத்தியைத் திருப்பிப் பார்த்தாள். முனையில் கறுப்புச் செதில் ஒட்டியிருந்தது. அதை முந்தானையில் துடைத்துவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

வியாழக்கிழமை ஆய்வாளர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடச் சொன்னார். எல்லாம் ஓடின. ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார். அஞ்சலை உஷாவுக்குப் போன் போட்டு, ஏசி ரூமை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடச் சொன்னாள்.

திரும்பும் வழியில் கட்டபெட்டு என்கிற ஊரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். வண்டியை இறக்கத்தில் நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. பழக்கத்தில் இறக்கத்திலேயே நிறுத்தினார். பாதி டீ உள்ளே போனதும் கேட்டார்.

"நீ ஏன் அதக் கேட்ட? கேக்காம இருந்திருந்தா வண்டி போயிருக்கும். மூட்டுவலி இல்லாம கோயமுத்தூர்ல இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்" என்றாள் அஞ்சலை. "நீங்க அவ ஊட்டுல ஒவ்வொரு பிளக்குக்கும் எர்த் இருக்குதான்னு ஸ்க்ரூ டிரைவரும் கையுமாத் திரிவீங்க. மாப்பிள்ள மூஞ்சிய தினமும் நானில்ல பாக்கோணும். அதுக்கு மூட்டுவலியே தேவலைங்க."

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். மெதுவாக வண்டியருகே போனாள். கதவைத் திறக்குமுன், அவர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, இரண்டு விரலால் தகரத்தைத் தொட்டாள்.

"தொட்டாச்சுங்க."

கந்தப்பன் டீயைக் கடைசி மடக்கு வரை குடித்தார்.

"சரியாத் தொடல" என்றார். "மறுபடி தொடு."

"வண்டிய எடுங்க" என்றாள் அஞ்சலை.